பைக்கில் ஜிபிஎஸ்: எங்கே பொருத்துவது, எப்படி மின்சாரம் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்குக் கிளம்பி ஆழியாறில் டீ குடிக்க நிறுத்தினால் போதும். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் தன் ஹேண்டில்பாரைக் காட்டி, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஆரம்பித்துவிடுவார். நான் மெக்கானிக் அல்ல. முதலில் ஒரு 110 சிசி வண்டி, இப்போது ஒரு 350 சிசி. இரண்டின் ஒயரிங்கையும் நானே பிரித்து நானே கட்டியவன், அவ்வளவுதான். அதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு (கேள்வி 9). ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை, எண் போட்டிருப்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வசதியாக.

1. செல்போனே போதுமா, தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்குச் செல்போனே போதும். கார்மின் ஜூமோ போன்ற, பைக்குக்கென்றே செய்த கருவிகள் உச்சி வெயிலிலும் தெளிவாகத் தெரியும், கையுறையோடு தொட்டாலும் கேட்கும், மழைக்கும் அதிர்வுக்கும் அஞ்சாது, வரைபடம் உள்ளேயே இருக்கும். ஆனால் விலை ஒரு நல்ல செல்போனைத் தாண்டும். வருடத்தில் இரண்டு முறை ஊட்டி போகிறவருக்கு அது வீண் செலவு. லடாக், ஸ்பிதி என்று மாதக்கணக்கில் சுற்றுகிறவர் யோசிக்கலாம்.

நான் சொல்லும் நடுவழி ஒன்று உண்டு. வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை வழிகாட்டிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கீழே விழுந்தால் மனம் பதறாது; அவசரத்துக்கு அழைக்க வேண்டிய போன் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். ஒரு நிபந்தனை: பின்மூடி லேசாகப் புடைத்திருந்தால் அதை வண்டியில் வைக்கவே வைக்காதீர்கள். புடைத்த லித்தியம் பேட்டரிக்கு வெயிலும் அதிர்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க உங்கள் பெட்ரோல் டேங்க் மேல் உள்ள இடம் ஏற்றதல்ல.

2. டவர் கிடைக்காத மலையில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் போன் வாங்கிக்கொள்கிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. சிம் கார்டே இல்லாவிட்டாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியும். டவர் போனதும் காணாமல் போவது வரைபடம்தான். ஆகவே வீட்டிலேயே, வைஃபையில், போகும் வட்டாரத்தின் வரைபடத்தை இறக்கி வையுங்கள். கூகுள் மேப்ஸில் அதற்கு வசதி உண்டு. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகள் முழு மாநிலத்தையே இறக்கிக்கொள்ளும்.

ஒரு சின்ன விஷயம்: இணையம் இருக்கும்போது போன் செயற்கைக்கோள்களின் இருப்பிடக் குறிப்புகளை நெட் வழியாக வாங்கி, சில நொடிகளில் இடத்தைப் பிடித்துவிடும். இணையம் இல்லாமல் முதன்முதலாகத் தேடினால் சில நிமிடங்கள்கூட ஆகலாம். எனவே டவர் இருக்கும் இடத்திலேயே செயலியைத் திறந்து, நீலப் புள்ளி நிலைத்த பிறகு மலை ஏறுங்கள்.

3. ஹேண்டிலில் போன் மாட்டினால் போலீஸ் அபராதம் போடுவார்களா?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தம் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், வழி பார்ப்பதற்கு மட்டும் செல்போனைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. அழைப்பு பேசுவது, செய்தி அனுப்புவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவுக்குள் வரும். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஒரு கையில் போனைப் பிடித்து வழி பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர் "மேப்தான் சார் பார்த்தேன்" என்று சொல்லிப் பயனில்லை. ஹோல்டரில் இருக்கட்டும், கிளம்பும் முன்பே இடத்தைத் தட்டச்சு செய்துவிடுங்கள்.

4. ஹோல்டரை எங்கே மாட்டினால் நல்லது?

கண் சாலையை விட்டு மிகக் குறைவாகக் கீழே இறங்கும் இடத்தில். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். திரையை இரண்டு நொடி பார்த்தால் முப்பத்து மூன்று மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஹேண்டில்பாரின் நடுப்பகுதி, ஸ்பீடோமீட்டருக்குச் சற்று மேலே அல்லது பக்கவாட்டில், பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியாக அமையும். மீட்டரின் எச்சரிக்கை விளக்குகளை மறைக்கக் கூடாது. என் நண்பர் ஒருவர் இண்டிகேட்டர் விளக்கை மறைத்து ஹோல்டரை வைத்துவிட்டு, பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை வலது இண்டிகேட்டரோடு போனார்.

வாங்கும் முன் ஹேண்டில் குழாயின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். நம் ஊர் வண்டிகளில் அதிகம் இருப்பது 22 மி.மீ.; தடித்த ஹேண்டில்பார்களில் நடுப்பகுதி 28 மி.மீ. இருக்கும். 28க்கான வளையத்தில் ரப்பர் பட்டையைச் சுற்றி 22இல் மாட்டுவது பல கடைகளில் நடக்கிறது. இரண்டு வேகத்தடைகளில் அது தலைகுப்புறத் திரும்பிக்கொள்ளும். ஸ்கூட்டரில் ஹேண்டில் மூடியிருப்பதால் கண்ணாடித் தண்டில் மாட்டும் வகைதான் வழி. மரை 8 மி.மீ.யா 10 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். சில வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் இருக்கும். கழன்று வரவில்லையே என்று ஸ்பேனரில் தொங்காதீர்கள்.

5. நான்கு மூலையையும் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரை நம்பலாமா? குழியில் விழுந்தால் போன் பறந்துவிடாதா?

நல்ல உலோக ஹோல்டராக இருந்தால் கவ்வும் கைகள் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. நான் பார்த்த அளவில் முதலில் விட்டுக்கொடுப்பது அதன் கழுத்து: திருப்பி வைப்பதற்காக இருக்கும் பந்து மூட்டும் அதை இறுக்கும் சிறு போல்ட்டும். பிளாஸ்டிக் பந்து வெயிலில் நாளடைவில் தேய்ந்து வழவழப்பாகிவிடும். போல்ட் அதிர்வில் தானாகத் தளரும். போல்ட்டில் ஒரு சொட்டு நீல நிற மரைப் பசை விடுங்கள். அது பிறகு ஸ்பேனருக்கு இளகிவரும். சிவப்பு நிறத்தது வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கயிறு கட்டுங்கள். போன் உறையின் துளையில் கோத்த சின்னக் கயிறு, மறுமுனை ஹேண்டில்பாரில். ஹோல்டர் கைவிட்டாலும் போன் முன்சக்கரத்துக்குள் போகாது. கயிறு குட்டையாக இருக்க வேண்டும்: தொங்கினால் ஆக்சிலேட்டரையோ பிரேக் பிடியையோ சுற்றிக்கொள்ளக் கூடாத அளவுக்குக் குட்டை.

6. பைக் அதிர்வில் போன் கேமரா கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதைப் பற்றி எச்சரித்தது: அதிக சக்தி உள்ள மோட்டார்சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போனுக்கு ஏறினால் கேமராவின் தரம் குறையலாம், எனவே நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்றது. படம் ஆடாமல் இருப்பதற்காக லென்ஸைக் காந்தங்களால் அந்தரத்தில் நகர்த்தும் அமைப்பு இப்போது பல போன்களில் இருக்கிறது. அந்த நுண்ணிய பாகத்தைத்தான் அதிர்வு பழுதாக்குகிறது. ஆண்ட்ராய்டு என்பதால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதே அமைப்பு இருந்தால் அதே ஆபத்து.

கணக்கு எளிது. ஒற்றை சிலிண்டர் வண்டி 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 50 அதிர்வுகள், 6,000இல் 100. சாலைக் குழியைவிட இந்த இடைவிடாத நடுக்கம்தான் பாதிப்பது. என் மைத்துனரின் போனில், இரண்டு நாள் கொடைக்கானல் பயணத்துக்குப் பிறகு, கேமராவைத் திறந்தாலே படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நடுங்கியது. காதருகே வைத்தால் உள்ளே வண்டு ரீங்கரிப்பது கேட்டது. ரப்பர் அல்லது சிலிக்கோன் தாங்கல் வைத்த அதிர்வு தணிப்பான் பல ஹோல்டர்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. அது நடுக்கத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. கேமரா முக்கியம் என்றால் கேள்வி 1இல் சொன்ன பழைய போன்தான் நிம்மதி.

7. பவர் பேங்க் போதாதா? ஒயரிங்கில் கை வைக்க பயமாக இருக்கிறது.

தாராளமாகப் போதும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு நாள் பயணத்தைக் கடத்திவிடும். டேங்க் பையில் வைத்து, ஒயரை மட்டும் வெளியே எடுங்கள். மூடிய பைக்குள் வெயிலில் வேக விடாதீர்கள், இறுக்கமான ஜீன்ஸ் பையில் வைத்து ஓட்டாதீர்கள். மாதம் ஒரு பயணம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதே இல்லை.

8. வண்டியிலிருந்தே சார்ஜ் எடுக்க வேண்டுமென்றால் எங்கிருந்து எடுப்பது? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?

முதலில் உங்கள் வண்டியில் நிறுவனமே யுஎஸ்பி துளை கொடுத்திருக்கிறதா, அல்லது துணைக்கருவிகளுக்கென்று மூடி போட்ட ஒரு இணைப்பு ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கிறதா என்று பயனர் கையேட்டில் பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் பேட்டரியிலிருந்து தனி ஒயர் கொண்டுவருவதுதான் சுத்தமான வழி. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு கைச்சாண் தூரத்துக்குள் ஃபியூஸ்; அங்கிருந்து ரிலே (கேள்வி 10); ரிலேயிலிருந்து 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் யுஎஸ்பி சார்ஜர். மைனஸ் ஒயரைப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். பெயின்ட் அடித்த சட்டத்தில் ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் கொடுத்தால் இன்று வேலை செய்யும், அடுத்த மழைக்காலத்தில் செய்யாது.

ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது, போனை அல்ல. அதனால்தான் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் ஒயர் உராய்ந்து சட்டத்தைத் தொட்டால் அதைத் தடுக்க யாரும் இல்லை. அளவு: 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் 10 வாட். மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 1 ஆம்பியர். 18 வாட் வேக சார்ஜர் என்றாலும் 2 ஆம்பியருக்குள் அடங்கும். ஆக 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். தட்டை வகை ஃபியூஸில் 3 என்பது ஊதா நிறம், 5 இளம் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம். "அடிக்கடி போகிறது, 15 போட்டுவிடு" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள், முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள். வரிசை மாறி, பிளஸில் இருக்கும் ஸ்பேனர் சட்டத்தைத் தொட்டால் பொறி பறக்கும், ஸ்பேனரே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும்.

9. கடைக்காரர் ஹெட்லைட் ஒயரிலேயே சேர்த்துவிடுகிறேன், பத்து நிமிட வேலை என்கிறார். சரியா?

என் 110 சிசி வண்டியில் இதைத்தான் செய்தார்கள். ஒரு துணைக்கருவிக் கடையில், ஹெட்லைட் கவசத்தைக்கூட முழுதாகக் கழற்றாமல், பிளேடால் ஒயரின் தோலைச் சீவி, சார்ஜரின் கம்பியைச் சுற்றி, மேலே கறுப்பு டேப். ஃபியூஸ் இல்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. எட்டு மாதம் ஓடியது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியிருப்பேன், ஹெட்லைட் மங்கியது. பிளாஸ்டிக் கருகும் வாடை. கவசத்தைத் திறந்தால் டேப்பின் பசை வெயிலில் உருகி வழிந்திருந்தது, ஹேண்டில் திரும்பத் திரும்ப உராய்ந்த செம்பு இழைகள் விளிம்பைத் தொட்டு, பக்கத்து ஒயர்கள் இரண்டின் தோல் பாகுபோல் இளகியிருந்தது. அன்று அவிழ்த்துவிட்ட விரல் நுனிகளில் ஒரு வாரம் தோல் உரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரி மின்சாரம் போவதில்லை. இன்ஜின் சுழற்சியில் உருவாகும் ஏசி (திசை மாறி மாறிப் பாயும்) மின்சாரம் நேராகப் போகிறது. இன்ஜின் ஓடாவிட்டால் ஹெட்லைட் எரியாத வண்டி என்றால் சந்தேகப்படுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி செய்திருப்பதால் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜினை முறுக்கும்போது எண் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பேட்டரி தரும் டிசி (ஒரே திசையில் பாயும்) மின்சாரத்துக்காகச் செய்த சார்ஜரை அதில் இணைத்தால் வேலை செய்யாது, அல்லது சில நாள் வேலை செய்து போனையும் சேர்த்துக்கொண்டு போகும்.

10. ரிலே என்று ஒன்று அவசியமா? அது எதற்கு?

சாவியை எடுத்ததும் சார்ஜர் அணைய வேண்டும், ஆனால் சார்ஜரின் சுமை வண்டியின் சொந்த ஒயரிங்கில் ஏறக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து தருவது ரிலே என்ற மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். நான்கு கால்கள்: 30இல் ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி பிளஸ், 87இல் சார்ஜர், 86இல் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஏதாவது ஒரு ஒயர், 85இல் எர்த். சாவி ஒயரிலிருந்து ரிலே இழுப்பது ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான். அந்தச் சாவி ஒயரைப் பார்க்கிங் விளக்கிலோ பின் விளக்கிலோ தேடலாம். ஹாரனில் தேடினால் கவனம்: சில வண்டிகளில் ஹாரனுக்குப் பிளஸ் எப்போதும் வந்துகொண்டிருக்கும், பொத்தான் எர்த்தை மட்டும் இணைக்கும், சிலவற்றில் தலைகீழ். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

ஒரே ஒரு போன் சார்ஜருக்கு ரிலே இல்லாமலும் சமாளிக்கலாம்: சாவி ஒயரிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேரடியாக. பிற்பாடு பனி விளக்கு, ஹீட்டர் கைப்பிடி என்று சேர்க்கும் ஆசை இருந்தால் இன்றே ரிலே போட்டுவிடுங்கள்.

11. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சார்ஜர்தான் காரணமா?

பேட்டரியில் நேரடியாக இணைத்திருந்தால், ஆம். போன் மாட்டாவிட்டாலும் சார்ஜரின் மாற்றி மின்சுற்றும் அந்த அழகான நீல விளக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 15 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 0.36 ஆம்பியர்-அவர். 4 ஆம்பியர்-அவர் பேட்டரி பதினொரு நாளில் காலி. செல்ஃப் ஸ்டார்ட் அதற்குப் பல நாள் முன்பே கையை விரித்துவிடும். வீடு திரும்பியதும் பேட்டரியை அளந்து பாருங்கள். முழுதாக ஏறிய பேட்டரி, வண்டி நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும்; ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. நிற்கும்போது 12க்குக் கீழே என்றால் நன்றாகவே உறிஞ்சப்பட்டிருக்கிறது. தீர்வு கேள்வி 10.

12. ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது? டேப் போட்டுக் கட்டினால் போதாதா?

டேப்பின் கதையைக் கேள்வி 9இல் படித்திருப்பீர்கள். இணைப்புகளைப் பற்றவைத்தோ சரியான கிரிம்ப் முனை (நசுக்கி இறுக்கும் உலோக முனை) போட்டோ, மேலே சூட்டில் சுருங்கும் குழாயை ஏற்றுங்கள். 0.75 சதுர மி.மீ. ஒயர் தாராளம். சீட்டுக்கு அடியிலிருந்து டேங்குக்கு அடியில், வண்டியின் சொந்த ஒயர்கட்டு போகும் அதே பாதையில், அதனோடு சேர்த்துக் கேபிள் டையால் கட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பாதையை நிறுவனத்தார் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் தலை, சைலன்சர் குழாய் இவற்றின் பக்கம் போகக் கூடாது.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஹேண்டில் திரும்பும் கழுத்து. கட்டி முடித்ததும் இதைச் செய்யுங்கள்: இன்ஜினை அணைத்து, ஹேண்டிலை இடது கோடி வரை திருப்பி ஒயரை விரலால் தொட்டுப் பாருங்கள். வீணைத் தந்திபோல் விறைத்திருந்தால் இன்னும் ஒரு வளையம் விட வேண்டும். வலது கோடிக்குத் திருப்புங்கள். ஒயர் தொய்ந்து டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போய் நசுங்குகிறதா? பிறகு இரண்டு கோடியிலும் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிக் கையை விடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால், ஒயர் ஆக்சிலேட்டர் கேபிளை எங்கோ அழுத்துகிறது. அதைச் சரிசெய்யாமல் தெருமுனை வரைகூட வண்டியை எடுக்காதீர்கள். கடைசியாக இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் திருப்புங்கள். சத்தம் ஏறக் கூடாது.

13. ஐபி68 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறியீடு) போன் என்றால் மழையில் சார்ஜ் போட்டு ஓட்டலாமா?

கூடாது. ஐபி67, 68 எல்லாம் அசையாத நன்னீரில் மூழ்கவைத்துப் பார்த்த சோதனை. எதிர்காற்றில் அடிக்கும் மழையும், லாரி வாரி இறைக்கும் சேறும் அதில் வராது. சார்ஜ் துளையில் ஒயர் மாட்டிய நிலையில் சோதித்ததும் அல்ல. ஈரத்தில் மின்சாரம் ஓடினால் துளைக்குள் இருக்கும் முனைகள் பச்சை பிடித்து அரித்துவிடும். மழை வந்தால் ஒயரை உருவிவிட்டு, சார்ஜரின் ரப்பர் மூடியை மூடி, போனைப் பைக்குள் போடுங்கள். குரல் வழிகாட்டல் ஹெல்மெட் ஸ்பீக்கரில் கேட்கும். சார்ஜரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டியிருந்தால் பாதித் தொல்லை குறையும்.

14. மே மாதத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போன் தானாகச் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடுகிறது. சார்ஜர் கோளாறா?

கோளாறு இல்லை, தற்காப்பு. ஐபோன்களைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் கரூர் நிழலிலேயே 40ஐத் தாண்டும். மேலே வெயில், உள்ளே முழுப் பிரகாசத் திரை, கூடவே சார்ஜ் ஏறும் சூடு. போன் முதலில் சார்ஜை நிறுத்தும், பிறகு திரையை மங்கலாக்கும், பிறகு தன்னையே அணைத்துக்கொள்ளும்.

கண்ணாடி உறை போட்ட ஹோல்டர் பைகள் இதை மோசமாக்கும்; காற்று படும்படி திறந்த ஹோல்டரே மேல். ஒயரில்லாத சார்ஜிங் வைத்த ஹோல்டர் வசதியானதுதான், ஆனால் வீணாகும் மின்சாரம் போனின் முதுகிலேயே சூடாக மாறுகிறது. கோடையில் காலையிலேயே 80 சதவீதம் ஏற்றிக்கொண்டு, உச்சிவேளையில் ஒயரை உருவிவிடுங்கள்.

15. சார்ஜ் ஏறுவதாகக் காட்டுகிறது, ஆனாலும் சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. எப்படி?

பெரும்பாலும் யுஎஸ்பி ஒயர்தான். மலிவான ஒயருக்குள் இருக்கும் செம்பு தலைமுடிபோல் மெலிந்திருக்கும். ஒரு மீட்டருக்குப் போகவர 0.4 ஓம் தடை சாதாரணம். 2 ஆம்பியர் இழுத்தால் 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 5 வோல்ட் 4.2 ஆகிவிடும். போன் உடனே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வழிகாட்டியும் திரையும் செலவழிப்பது வரவைவிட அதிகமாகிவிடும். முப்பது செ.மீ. நீளமுள்ள தடித்த ஒயர் ஒன்று வாங்குங்கள், முனை செங்கோணத்தில் வளைந்ததாக. நேர் முனை நெம்புகோல்போல் ஆடி ஆடி போனின் துளையைத் தளர்த்திவிடும்.

16. பழைய கார் ஜிபிஎஸ் கருவி ஒன்று இருக்கிறது. சிகரெட் லைட்டர் முனையை வெட்டிவிட்டு ஒயரை நேராகப் பேட்டரியில் கொடுக்கலாமா?

வெட்டாதீர்கள்! அந்தக் குண்டு முனைக்குள்தான் பல கருவிகளுக்கு 12 வோல்ட்டை 5 ஆக்கும் சுற்று ஒளிந்திருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு மீதி ஒயரைப் பேட்டரியில் கொடுத்தால் 5 வோல்ட் கேட்ட கருவிக்கு 12 வோல்ட் போகும். ஒரு முறைதான் போகும். முனையின் மேல் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு எண்ணைப் படியுங்கள். 5 வோல்ட் என்றிருந்தால் கேள்வி 8இல் சொன்ன யுஎஸ்பி சார்ஜரோடு பொருத்தமான ஒயர் வாங்கி இணைக்கலாம். சிகரெட் லைட்டர் துளையையே பைக்கில் பொருத்துவதும் எனக்குப் பிடிக்காது: காருக்கென்று செய்தது, பைக் அதிர்வில் முனை மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும்.

17. சிக்னலில் நிற்கும்போது அம்பு தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. கத்திப்பாராவில் எந்தப் பாலத்தில் இருக்கிறேன் என்றே அதற்குத் தெரியவில்லை.

இரண்டும் வெவ்வேறு நோய். ஓடும்போது போன் தன் இடமாற்றத்தை வைத்துத் திசையைக் கணிக்கும். நின்றதும் உள்ளே இருக்கும் காந்தத் திசைகாட்டியை நம்பத் தொடங்கும். காந்தத்தால் பிடிக்கும் ஹோல்டரும், சுற்றியுள்ள இரும்பும் அதைக் குழப்பிவிடும். பத்து மீட்டர் நகர்ந்தால் சரியாகிவிடும். பாலத்தின் விஷயத்தில் ஜிபிஎஸ்ஸின் உயரக் கணக்கு அத்தனை துல்லியம் அல்ல. மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என்றால் செயலி ஊகம்தான் செய்கிறது. அங்கே பச்சைப் பலகையை நம்புங்கள்.

புள்ளி அடிக்கடி தாவினால் மட்டும் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். தரமில்லாத மாற்றிகள் மின்னிரைச்சலை உமிழ்ந்து பலவீனமான செயற்கைக்கோள் சமிக்ஞையை மூழ்கடிக்கும். ஒயரை உருவிய உடனே புள்ளி நிலைத்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

18. மேப் சொன்ன வழியில் போனோம், பைக்கை விட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கார் முறையில் வழி கேட்டிருப்பீர்கள். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்குத் தடை, சர்வீஸ் சாலைதான். கூகுள் மேப்ஸில் பைக் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்கள் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேப் 8.55க்கும் "இன்னும் பத்து நிமிடம்" என்று உற்சாகமாகத்தான் சொல்லும்.

19. ஒயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் மிரட்டுகிறார்கள், சார்.

வெட்டினால் மிரட்ட இடம் கொடுக்கிறீர்கள். கேள்வி 8இல் சொன்ன முறையில் வண்டியின் சொந்த ஒயர் எதையும் வெட்டுவதில்லை. பேட்டரி முனையில் இரண்டு வளையங்கள், சாவி ஒயரில் ஒரே ஒரு இணைப்பு. அந்த ஒன்றையும் வெட்டாமல், வண்டியின் இணைப்பானுக்கு ஏற்ற ஆண், பெண் முனைகள் வாங்கி நடுவே செருகும் துண்டு ஒயராகச் செய்யலாம். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் அகப்படும். சர்வீஸுக்கு விடும் முன் உருவிவிட்டால் எந்தச் சுவடும் இருக்காது. மின்னணுக் கட்டுப்பாடு அதிகம் உள்ள புது வண்டிகளில் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம்; கண்ட ஒயரிலிருந்து இழுத்தால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும்.

20. மின்சார ஸ்கூட்டரில்?

பெரிய பேட்டரிப் பெட்டியின் பக்கமே போகாதீர்கள். அதன் மின்னழுத்தம் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு. விளக்கு, ஹாரனுக்கென்று உள்ளே 12 வோல்ட் சுற்று தனியாக இருக்கும், அதிலும் நிறுவனம் கொடுத்த யுஎஸ்பி துளையை மட்டும் பயன்படுத்துங்கள். ஏத்தர் போன்ற சில வண்டிகளில் திரையிலேயே வரைபடம் வந்துவிடுகிறது. அப்படியானால் ஹோல்டர் எதற்கு?

21. வண்டியை விற்கப்போகிறேன். இதையெல்லாம் கழற்ற வேண்டுமா?

ஹோல்டரைக் கழற்றிக்கொள்ளுங்கள், ஒயரை விட்டுவைப்பதானால் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள்: இது எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று. திம்பத்துக்குப் பிறகு முழுதாக மாற்றிக் கட்டிய என் 110 சிசி வண்டியை அப்படிச் சீட்டு கட்டாமல் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வாங்கியவர் ஒரு மாலை அழைத்தார். இருக்கைக்கு அடியில் ஊதா நிறத்தில் 3 என்று எழுதிய ஏதோ ஒன்று கருகியிருக்கிறது, போன் சார்ஜ் ஏறவில்லை, எடுத்து எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிடட்டுமா என்று கேட்டார். வண்டியைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு சூலூருக்குக் கிளம்பினேன். சார்ஜரின் மூடி திறந்தே கிடந்தது, உள்ளே மழைத்தண்ணீர்.